வெண்டைக்காய் கற்றுத் தந்த பாடம்

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும் என்று சொல்லாத அம்மா நம் பக்கத்தில் உண்டா, நண்பர்களே? என் அம்மாவும் சொன்னார். நானும் சின்ன வயதிலிருந்து தட்டு தட்டாகச் சாப்பிட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 61 தான் வந்தது. அதனால் வெண்டைக்காயின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையில் குற்றவாளி வெண்டைக்காய் அல்ல. நான்தான்.

ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு மாணவர் பேரவைத் தோழர்கள் வகுப்பு வகுப்பாக வந்தபோது எல்லாரும் கவிதை தருவதாகச் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கெமிக்கல் பிரிவு மாணவி என்பதால் நடுவில் கொஞ்சம் வேதியியலும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். கேரளாவுக்குப் போகிற லாரிகளில் மூட்டை ஏற்றுவார். தக்காளிப் பெட்டி, முருங்கைக் கட்டு, வெண்டை மூட்டை, எல்லாம் அவர் முதுகில் ஏறித்தான் லாரிக்குப் போகும். அம்மா வெங்காய மண்டியில் தரம் பிரிக்கிறார். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் சொந்தத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பஸ் பாஸ் வாங்கிக் காலேஜ் போனது நான்தான் முதல் ஆள். கரண்ட் பில்லிலிருந்து ரேஷன் கார்டு வரை, தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும், "அம்மிணி வரட்டும், அது படிச்சுச் சொல்லும்" என்பார்கள். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்பாவுக்கு ரொம்ப வருடமாக வயிற்று வலி. நடு வயிற்றில் எரியும், ராத்திரியில் எழுப்பிவிடும். சோடா குடிப்பார், ஓம வாட்டர் குடிப்பார், இரண்டு பன்னைத் தின்றுவிட்டுப் படுப்பார். "நேரத்துக்குச் சாப்பிடாததுதான் கண்ணு, வேறொண்ணும் இல்ல" என்பார். முதுகு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை தனி. வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விடுவார்.

போன வருடம் வலி தாங்காமல் ஒரு நாள் மார்க்கெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எண்டோஸ்கோப்பி செய்தார்கள். குழாயை விட்டுப் பார்த்தபோது இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடலின் ஆரம்பத்தில் புண் தெரிந்தது. இரைப்பைச் சதையில் ஒரு துணுக்கை எடுத்து மஞ்சள் நிறக் கூழ் ஒன்றில் போட்டு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் ரோஸ் நிறமாக மாறிவிட்டது. "கிருமி இருக்கு" என்றார் டாக்டர். அப்பா மிரண்டு போய்ப் பார்த்தார். நான் மட்டும், "சார், இது பீனால் ரெட் இண்டிகேட்டர்தானே?" என்று கேட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா படிக்கிறே?" என்றார். "டிப்ளமோ கெமிக்கல் சார்" என்றேன். அப்பாவின் முகத்தில் அந்த வலியிலும் ஒரு சிரிப்பு வந்தது.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. திருகாணி போல வளைந்த உடம்பு, ஒரு முனையில் நாலைந்து வால்கள். உலகத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயிற்றில் இது குடியிருந்திருக்கிறது. பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண்ணை உண்டாக்கும். மிகச் சிலருக்குப் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும்.

அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்றுதான் வெகு காலம் டாக்டர்களே நம்பினார்கள். புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவமனையில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர்தான் இந்தக் கிருமியைப் பிடித்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்த்துப் பார்க்க முயன்றால் வளரவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1982 இல் ஈஸ்டர் விடுமுறைக்காகத் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! இரண்டு நாளில் பொறுமை இழந்ததுதான் அதுவரை நடந்த தவறு. அப்போதும் மற்றவர்கள் நம்பவில்லை. 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் இது எப்படிப் பிழைக்கிறது தெரியுமா? யூரியேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு, நம் வயிற்றிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. அம்மோனியா காரம். தன்னைச் சுற்றி அமிலத்தை நடுநிலையாக்கிக்கொண்டு, வாலை அடித்து நீந்திக் கோழைப் படலத்துக்குள் போய்விடுகிறது. அந்த மஞ்சள் கூழில் யூரியாவும் பீனால் ரெட்டும் இருந்தன. கிருமி அம்மோனியா தயாரித்ததும் நிறம் மாறியது. முதலாம் ஆண்டில் நாம் செய்த டைட்ரேஷனில் இருக்கிற அதே சங்கதி!

டாக்டர் 14 நாளைக்கு மருந்து எழுதினார். அமிலத்தைக் குறைக்க ஒன்று, கிருமியைக் கொல்ல கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்று இரண்டு. காலையில் 4, இரவில் 4, ஒரு நாளைக்கு 8. மொத்தம் 112. "ஒரு வேளைகூட விடக் கூடாது, முதுகு வலி மாத்திரையை இனித் தொடவே கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

இங்கேதான் நான் வருகிறேன்.

அந்த வாரம் எங்கள் வகுப்பில் செமினார் தலைப்பு கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது இயற்கைப் பாலிமர்கள். பாலிமர் என்றால் பிளாஸ்டிக் என்று மட்டும் நினைக்காதீர்கள். சர்க்கரை மூலக்கூறுகளைப் பூச்சரம் போல வரிசையாகத் தொடுத்தால் அது பாலிசாக்கரைடு. ஒரே குளுக்கோஸை ஒரு விதமாகத் தொடுத்தால் சோற்றில் இருக்கும் ஸ்டார்ச், இன்னொரு விதமாகத் தொடுத்தால் காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸ். முதலாவது நமக்குச் செரிக்கும், இரண்டாவது மாட்டுக்குத்தான் செரிக்கும். வெந்தயத்தை ஊறவைத்தால் வருகிற வழவழப்பு, வெண்டைக்காயின் கொழகொழப்பு எல்லாமே பாலிசாக்கரைடுகள்தான். வெண்டைக்காயில் காலக்டோஸ், ராம்னோஸ், காலக்டுரானிக் அமிலம் என்று பல சர்க்கரைகள் கலந்து தொடுக்கப்பட்டிருக்கின்றன.

நூலகக் கம்ப்யூட்டரில் இதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு ஆராய்ச்சிச் சுருக்கம் கண்ணில் பட்டது. 2004 இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்டது. வெண்டைக்காயின் பச்சைச் சாறு, ஹெலிகோபேக்டர் பைலோரி மனித இரைப்பைத் திசுவில் ஒட்டிக்கொள்வதை அநேகமாக முழுவதுமே தடுத்துவிட்டது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பாவின் வயிற்றில் இருக்கும் அதே கிருமி. அப்பா முதுகில் சுமக்கும் அதே வெண்டைக்காய்.

ஒட்டுவது என்றால் என்னவென்று சொல்கிறேன். காட்டு வழியில் நடந்தால் பாவாடையில் நாயுருவி ஒட்டிக்கொள்ளுமல்லவா? அதுபோல இந்தக் கிருமியின் உடம்பில் கொக்கி போன்ற புரதங்கள் உண்டு. அதில் ஒன்றின் பெயர் பேப்-ஏ. நம் இரைப்பைச் செல்களின் மேலுள்ள லூயிஸ்-பி என்ற சர்க்கரை அமைப்பைப் பார்த்து அது கொக்கி போடும். ஒட்டினால்தான் அது நிலைத்துத் தங்க முடியும். இல்லாவிட்டால் கோழையோடும் உணவோடும் அடித்துக்கொண்டு போய்விடும். வெண்டைக்காயின் பாலிசாக்கரைடு அந்தக் கொக்கிகளை முன்கூட்டியே மூடிவிடுகிறது. கொல்லாமல் தடுப்பது. எவ்வளவு அழகான யோசனை!

அந்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, வெண்டைக்காய்த் தண்ணி குடிங்க. வயித்துக்கு உள்ளே பூச்சு பூசின மாதிரி ஆயிரும். கிருமி ஒட்டவே முடியாது. ஜெர்மன்காரங்களே கண்டுபிடிச்சிருக்காங்க" என்றேன். அப்பா வாய் பிளந்து கேட்டார். அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "எம்பொண்ணு சொல்றதைக் கேளு" என்றார். மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை விடாமல் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லாருக்கேன் கண்ணு, வலியே இல்ல" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை லேப் நேரத்தில் அம்மாவிடமிருந்து போன். அப்பா மயங்கி விழுந்துவிட்டார். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. கறுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனபோது அப்பாவின் உதடு வெளுத்துக் கிடந்தது. இரத்தம் ஏற்ற வேண்டும், ஓ பாசிட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும் என்றார்கள். எனக்கு யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. வகுப்புத் தோழிக்குப் போன் செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மெக்கானிக்கல் பிரிவிலிருந்து இரண்டு பேர் பஸ் பிடித்து வந்து நின்றார்கள். அவர்களோடு நான் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் படிக்கும்போது அவர்களுக்குத் தெரியும். நன்றி, அண்ணன்களே.

குழாய் வழியாகவே இரத்தக் கசிவை நிறுத்தினார்கள். மறுநாள் அப்பாவின் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனேன். தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள். எண்ணிப் பார்த்தேன். 72. அதாவது 112 இல் 40 தான் போயிருக்கிறது. ஐந்து நாள்! முதுகு வலி மாத்திரை அட்டை ஒன்றும் கூடவே இருந்தது, அதில் பாதி காலி.

கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன். "ஏம்ப்பா நிறுத்துனீங்க?"

"வாயெல்லாம் ஒரே கசப்பு கண்ணு, இரும்பை நக்குன மாதிரி. வலியும் நின்னுபோச்சு. நீதான் வெண்டைக்காயே போதும்னு சொன்னியே. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான இருக்கும்? மிச்ச மாத்திரை வீணாப் போகக் கூடாதுன்னு எடுத்து வச்சேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் நூலகத்தில் அந்தச் சுருக்கத்தை மறுபடி எடுத்தேன். நான் தமிழ் மீடியம். அந்தச் சுருக்கம் பத்துப் பன்னிரண்டு வரிதான். முதல் தடவை நான் படித்தது நாலு வரி. அதற்கு மேல் ஆங்கிலம் கடினமாக இருந்தது, எனக்குப் பிடித்த விஷயமும் கிடைத்துவிட்டது, மூடிவிட்டேன். இந்தத் தடவை டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு கடைசி வரிவரை படித்தேன். மீதி வரிகளில் என்ன இருந்தது தெரியுமா?

ஒன்று, சாற்றில் கிருமியை முதலில் ஊறவைத்தபோதுதான் அது ஒட்டவில்லை. இரைப்பைத் திசுவுக்கு முதலில் பாலிசாக்கரைடைக் கொடுத்துவிட்டுப் பிறகு கிருமியை விட்டபோது, கிருமி வழக்கம் போல ஒட்டிக்கொண்டது. நான் அப்பாவிடம் சொன்ன "உள்ளே பூச்சு" என்பது நேர் எதிரான தப்பு.

இரண்டு, சூடு பட்டால் அந்தச் சக்தி குறைந்துபோகிறது. பச்சைச் சாற்றில்தான் அந்தப் புரதமும் சர்க்கரையும் சேர்ந்த அமைப்பு முழுசாக இருக்கிறது. அப்பாவுக்குக் கொழகொழப்பு பிடிக்காது என்று அம்மா தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

மூன்று, வெண்டைக்காயின் எந்தப் பகுதியும் கிருமி வளர்வதைத் தடுக்கவில்லை. ஒட்டவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான். சாகடிப்பதில்லை. அப்பாவின் வயிற்றில் வெகு காலமாக ஒட்டிக் குடும்பம் நடத்துகிற கூட்டத்துக்கு அதனால் என்ன ஆகும்? போதாததற்கு இதெல்லாம் கண்ணாடித் தகட்டில் வைத்த திசுவில் செய்த சோதனை. உயிருள்ள மனிதர் வயிற்றில் செய்தது அல்ல.

ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். நான்தான் பாதியில் எழுந்து வந்தவள்.

அரைகுறையாக மாத்திரை போட்டதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஐந்து நாள் மருந்தில் பலவீனமான கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை மிஞ்சிப் பெருகலாம். கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத இந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனம் 2017 இல் கவலைக்குரிய கிருமிகளின் பட்டியலிலேயே சேர்த்தது. அதனால் டாக்டர் இரண்டாவது தடவை மருந்தையே மாற்றினார். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. மறுபடியும் 14 நாள்.

இந்தத் தடவை நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். சுவரில் மாதக் காலண்டரை மாட்டினேன். ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் அப்பாவே பேனாவால் ஒரு கோடு போட வேண்டும் என்று சட்டம் போட்டேன். கைநாட்டு வைக்கிறவர் கையில் பேனா நடுங்கியது. பிறகு பழகிவிட்டது. டெட்ராசைக்ளினைப் பாலோடு போடக் கூடாது, பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. அதனால் அம்மா போட்ட பால் காப்பியை நான் கட் செய்தேன். "உங்கப்பனுக்கு மாமியா ஆயிட்டியா நீ?" என்று அம்மா கேட்டார்.

மூன்றாம் நாள் அப்பா கலவரத்தோடு வந்து நின்றார். "அம்மிணி, மறுபடி கறுப்பாப் போகுது." இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பிஸ்மத் வயிற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்தால் கறுப்பான பிஸ்மத் சல்பைடு ஆகும். உப்புப் பகுப்பாய்வில் சோதனைக் குழாயில் படிகிற அதே கறுப்பு. ஆனாலும் நான் அதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு அப்பாவையே பேசவைத்தேன். மயக்கம் இருக்கிறதா, படபடப்பு இருக்கிறதா என்று அவர் கேட்டுவிட்டு, மருந்தால்தான், பயப்பட வேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

56 வேளைக் கோடு. ஒன்றுகூட விடவில்லை. மருந்து முடிந்து நாலு வாரத்துக்கு மேல் பொறுத்து, மதுரையில் மூச்சுப் பரிசோதனை செய்தோம். அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி கழித்து ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அந்தக் கார்பன் மூச்சில் வரும். வரவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ வெண்டைக்காய் இனி வேண்டாமா?" என்று கேட்டார். "சாப்பிடுங்கப்பா, நல்ல காய்தான். மருந்துன்னு நினைச்சுச் சாப்பிடாதீங்க" என்றேன்.

செமினார் நாளும் வந்தது. என் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று முதலில் நினைத்தேன். மாற்றவில்லை. வெண்டைக்காயைப் பற்றியே பேசினேன். அதிமதுர வேரின் பாலிசாக்கரைடுகளும் இதேபோல ஒட்டுதலைத் தடுப்பதாக 2009 இல் வந்த ஆய்வையும் சொன்னேன். இது பயனற்ற ஆராய்ச்சி அல்ல. கொல்கிற மருந்தை எதிர்த்துக் கிருமிகள் பழகிக்கொண்டே போகும் காலத்தில், கொல்லாமல் ஒட்டவிடாமல் தடுக்கும் பொருள்களுக்கு மதிப்பு உண்டு. புதிதாக ஒட்ட வருவதைத் தடுக்கவும், மாத்திரைக்குத் துணையாகவும் நாளைக்கு ஏதாவது வரலாம். சூட்டில் கெடாமல் அதைப் பிரித்தெடுப்பது எப்படி, வயிற்று அமிலத்தில் நிற்கவைப்பது எப்படி என்பதெல்லாம் நம் கெமிக்கல் பிரிவுக்கான வேலைதான். கடைசிப் படத்தில் மட்டும் நான் விட்டுவிட்ட அந்த மூன்று விஷயங்களைப் பெரிய எழுத்தில் போட்டேன். 72 என்ற எண்ணையும் கீழே எழுதினேன். அது என்ன என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

நண்பர்களே, நம்மில் பலர் என்னைப் போல வீட்டின் முதல் படிப்பாளிகள். காலேஜில் நாம் சொல்வதை யாரும் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டார்கள், எச்.ஓ.டி. நாலு கேள்வி கேட்பார். வீட்டில் அப்படி இல்லை. நாம் ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வார்கள், கேள்வி கேட்க அவர்களுக்கு வழியில்லை. அதனால் அந்தக் கேள்விகளையும் நாமேதான் கேட்டுக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஒரு அப்பாவின் இரத்தத்தில் தெரிந்தது. உங்களுக்கு இந்தக் கட்டுரையிலேயே தெரிந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்.

அப்பா இப்போது மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போகிறார். முதுகு வலிக்கு மாத்திரை வாங்குவதில்லை, அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறார். காலண்டரை மட்டும் சுவரிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறார். "நான் எழுதுனது" என்கிறார்.

— இறுதியாண்டு மாணவி, கெமிக்கல் பிரிவு